புரிந்தது என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து

"ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து! அதைப் போட்டா உங்க பொண்ணுக்கு என்னம்மா குறைஞ்சு போகுது?"

"என்னைக் கேட்டா? பேனாவை நானா பிடுங்கி வச்சிருக்கேன்? அவளைக் கேளுங்க!"

"அவகிட்ட எப்படிங்க கேக்கறது?"

"நல்லா இருக்கே! எட்டு மாசமா பாடம் நடத்தறது நீங்க. எப்படிக் கேக்கறதுன்னு நான் வந்து சொல்லித் தரணுமா?"

தொழிற்பயிற்சி நிலையத்துப் பிரின்சிபால் அறையில் இந்தக் கூச்சல் நடந்தபோது, வராந்தாவைப் பெருக்க வந்தவர் ஒரே சதுர அடியைக் கால் மணி நேரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். தெருவுக்குச் சேதி வந்ததே அவர் புண்ணியத்தில்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால். சுவரோரம் வயரிங் சார். இந்தப் பக்கம், முனை மடங்கிய பைல் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸம்மா. கடையை நடுப்பகலில் பூட்டிவிட்டு வந்த கடுப்பு அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இவர்களுக்கு நடுவில், மூடி கழற்றாத பேனாவும் கையுமாக அவளுடைய இரண்டாவது மகள், சின்னவள். வயது பத்தொன்பது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போனது. பிடிவாதத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது என்பார்கள் தெருவில்.

சின்னவள் மூன்று வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்சிபாலுக்கு மெல்லிய உதடு. பத்து வார்த்தைக்கு நான்கு தேறும். அம்மா பேசுவது ஓடுகிற பஸ்ஸின் பெயர்ப்பலகை மாதிரி, படிப்பதற்குள் போய்விடும். வயரிங் சாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் மீசை உதட்டுக்கு மேலே மட்டும் நிற்காமல் கீழேயும் இறங்கிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த மீசைக்குப் பின்னால் அவர் பாடம் நடத்துகிறாரா, பல் குத்துகிறாரா என்று அவளுக்கு எட்டு மாதமாகத் தெரிந்ததில்லை.

மேஜையில் ஒரு நீளமான பதிவேடு விரிந்து கிடந்தது. தினமும் பாடம் முடிந்ததும் மாணவர்கள் ஒவ்வொருவரும் "இன்றைய பாடம் எனக்குப் புரிந்தது" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேலிடத்து உத்தரவு. காது கேட்கிற இருபத்திரண்டு பேரும் போட்டிருந்தார்கள். காது கேளாத ஆறு பேரில் ஐந்து பேரும் போட்டிருந்தார்கள். ஆறாவது பெயருக்கு நேரே பதினொரு நாளாகக் கையெழுத்துக்குப் பதில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. பாதி மை தீட்டியது, மீதி வெறுமை.

வியாழக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் கையெழுத்து விழாவிட்டால், வயர்மேன் தேர்வுக்கு அனுப்பும் பட்டியலில் இவள் பெயர் இருக்காது. பிரின்சிபால் அதைத் தெளிவாகவே சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதியும் காட்டினார். அது மட்டும் சின்னவளுக்கு முழுசாகப் புரிந்தது. அந்தத் தேர்வு இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை; லைசென்ஸ் இல்லையென்றால் அம்மாவின் கடையில் ஆயுசுக்கும் தாள் அடுக்க வேண்டியதுதான்.

அவள் அதே தாளை வாங்கி அடியில் எழுதினாள்: "பாதிதான் புரிந்தது. முழுசாகப் புரிந்ததும் முழுக் கையெழுத்து."

"பாருங்க, பாருங்க, நக்கலைப் பாருங்க!" என்றார் பிரின்சிபால்.

உண்மையில் அதில் நக்கல் எள்ளளவும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தலையாட்டுவதில் சின்னவளை மிஞ்ச ஆள் கிடையாது, ஒரு காலத்தில். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் அவள் கற்ற பெரிய வித்தை அதுதான். டீச்சரின் புருவம் உயர்ந்தால் கேள்வி வருகிறது என்று அர்த்தம். உடனே தலையாட்ட வேண்டும். ஆட்டினால் டீச்சர் சிரிப்பார், அடுத்த பக்கம் போவார். ஆட்டாவிட்டால் அதே வார்த்தையை இன்னும் பெரிதாக வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கச் சொல்வார். வகுப்பே திரும்பிப் பார்க்கும். எது லாபம் என்று ஆறு வயதுக் குழந்தைக்கே தெரிந்துவிடும்.

பயிற்சி நிலையத்தில் இது ஆறு பேர் சேர்ந்து செய்கிற கூட்டுத் தொழிலாக இருந்தது. முன்வரிசையில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன். அவன் பெயரே கண்ணாடிதான். மீசை அசைவது நின்றதும் கண்ணாடி தலையாட்டுவான். அவன் பின்மண்டையைப் பார்த்து, நெட்டை என்கிற உயரமான பெண் தலையாட்டுவாள். நெட்டையைப் பார்த்துச் சின்னவள். இவர்களைப் பார்த்து மீதிப் பேர். கண்ணாடியிடம் ஒரு நாள் கேட்டபோது, "பின்னாடி நீங்கெல்லாம் ஆட்டறது தரையில நிழலாத் தெரியுதே, அதை நம்பித்தான் நான் ஆட்டறேன்" என்று கையால் சொன்னான். ஆக, ஆறு பேரும் ஒருவரை நம்பி ஒருவர் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அவளை மாற்றியது ஒரு வாராந்தரத் தேர்வு. ஐம்பதுக்கு நாற்பது நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். வந்தது பதினான்கு. குறைந்த மதிப்பெண் அவளுக்குப் புதிதில்லை. நாற்பது என்று தான் சத்தியமாக நம்பியதுதான் புதிது. தலையாட்டி டீச்சரை ஏமாற்றலாம். எப்போதிலிருந்து தன்னையே ஏமாற்ற ஆரம்பித்தாள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்வு முடிந்ததும், விடைத்தாள் திரும்பி வருவதற்கு முன், நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் ஊகத்தை எழுதிவைத்தாள். முதல் வாரம் ஊகம் முப்பத்தைந்து, வந்தது பதினாறு. அடுத்து இருபத்தைந்து, பதினெட்டு. அதற்கடுத்து இருபது, இருபத்தொன்று. இருபத்தொன்று வாங்கிய அன்று அவள் துள்ளிக் குதித்ததைப் பார்த்து அக்காக்காரி, "இருபத்தொண்ணுக்கு இவ்வளவு ஆட்டமாடி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொரு சோதனையும் கண்டுபிடித்தாள். அன்றைய பாடத்தைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று கையாலேயே நடத்துவது. எதிரே நிற்பவள் ஒன்றுமே தெரியாத மக்கு என்று வைத்துக்கொள்வாள். கை தங்குதடையில்லாமல் ஓடினால் முழு வட்டம். எங்கேயாவது அந்தரத்தில் நின்றுபோனால் பாதி வட்டம். தொடங்கவே முடியாவிட்டால் வெறும் வட்டம். ஜன்னல் வழியாக இந்தக் கூத்தைப் பார்த்த எதிர்வீட்டு மாடிக்காரி, "போன்ல எவனோ இருக்கான். கையால கொஞ்சறா" என்று தெரு முழுக்க ஓதிவிட்டாள். ஜெராக்ஸம்மா மகளின் போனை இரண்டு முறை சோதித்தாள். அதில் சுவிட்ச் படங்களைத் தவிர ஒரு பயலும் இல்லை.

கை நின்றது மாடிப்படி விளக்குப் பாடத்தில். மாடிப்படிக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரே விளக்கு. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும். படம் அவளுக்கு மனப்பாடம். பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வயர் இழுத்துவிடுவாள். ஆனால் குளியலறையில் வலது கையை மேல் சுவிட்சாகவும் இடது கையைக் கீழ்ச் சுவிட்சாகவும் வைத்து நடத்தும்போது, எதிரே இருந்த மக்கு கேட்டாள்: மேலே இருக்கிற சுவிட்சை ஒருத்தர் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால், கீழே இருப்பதைத் தட்டினால் விளக்கு எரியுமா?

வலது கையை எடுத்தாள். இடது கை தனியே நின்றது. நின்றதுதான்.

மறுநாள் அதை எழுதி வயரிங் சாரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியாச்சு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் கழித்து மறுபடி கேட்டாள். அதே பதில், அடிக்கோடு போட்டு. பயிற்சிப் பலகையில் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, ஆய்வு முடியும்வரை பலகையைத் தொடக் கூடாது என்றார். அடுத்தடுத்த பாடங்கள் எல்லாம் இந்தப் பாடத்தின் தோளில் ஏறி நின்றவை. அதனால் பதினொரு நாளும் பாதி வட்டம்.

பஸ் நிறுத்தத்தில் நெட்டை அவளைப் பிடித்துக்கொண்டாள். நெட்டைக்கு ஆறடி உயரம், கோபம் வந்தால் கைகள் காற்றாடி.

"நீ என்ன பெரிய இவளா? நாங்க அஞ்சு பேரும் போட்டுட்டோம். நீ மட்டும் போடலைன்னா, நாங்க பொய் சொன்னோம்னு ஆயிடும்."

"பொய்தானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னோம்! அதுக்கு இப்ப என்ன? செவிட்டுக் கும்பலுக்குப் பாடமே வேண்டாம்னு பேட்சை மூடிட்டா, எங்க சோத்துல மண்ணைப் போட்டவ நீதான்."

"சரி, நீ சொல்லு. மேல் சுவிட்சைக் கழட்டிட்டா கீழ் சுவிட்ச் வேலை செய்யுமா?"

நெட்டையின் கைகள் கிளம்பின, பாதியில் நின்றன. பஸ் வந்தது. ஏறி, வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிரின்சிபால் அறையிலிருந்து திரும்பிய அன்று மாலை, கடையில் ஜெராக்ஸம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். இயந்திரம் ஒரு பக்கம் தாளைத் துப்பிக்கொண்டிருக்க, இவள் இன்னொரு பக்கம் வாய்க்கு வந்ததைத் துப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில், வழக்கம்போல, "என்ன, புரிஞ்சுதா?" என்று முகவாயை உயர்த்தினாள்.

சின்னவளின் தலை வழக்கம்போல ஆட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினாள். பழுதான பிரதி ஒன்றை எடுத்து அதன் முதுகில் எழுதினாள்: "நீ இவ்வளவு நேரம் பேசினதில் நாலு வார்த்தை புரிஞ்சுது. கையெழுத்து, மானம், அப்பா, கரண்ட் பில். மீதி தெரியலை. எப்பவும் இப்படித்தான்."

ஜெராக்ஸம்மா படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "எப்பவும்னா?"

சின்னவள் "எப்பவும்" என்ற வார்த்தையின் கீழே கோடு போட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜெராக்ஸம்மாவுக்கு மனசு விட்டுப் பேச ஊரில் ஒரே ஆள் சின்னவள்தான். பெரிய மகளிடம் சொன்னால் மாப்பிள்ளை காதுக்குப் போகும், தெருவில் சொன்னால் தெருவுக்கே போகும். சின்னவளோ பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பாள். சரியான இடத்தில் உச்சுக் கொட்டுவாள், சரியான இடத்தில் தலையாட்டுவாள். மாமியார் செய்த கொடுமை, நாத்தனார் வளையல் விவகாரம், கல்யாணமான புதிதில் அப்பா கோபித்துக்கொண்டு போன மூன்று மாதம் எல்லாம் அந்தப் பெண்ணிடம்தான் இறக்கிவைத்திருந்தாள்.

"அப்போ... நாத்தனார் விஷயம்?" முதல் தடவையாக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள் ஜெராக்ஸம்மா.

இல்லை என்று தலையசைத்தாள் சின்னவள்.

"அப்பா போன கதை? நான் அழுதேனே, நீயும் கூட அழுதியே!"

"நீ அழுதே. அதனால அழுதேன்," என்று எழுதினாள்.

கடை வாசலில் ஒருவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, "முன்னும் பின்னும், ரெண்டு காப்பி" என்று மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தார். "மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்று, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொல்லி அவரை அனுப்பினாள் ஜெராக்ஸம்மா. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை வருஷத்துப் பேச்சும் சுவரில் மோதிக் கீழே விழுந்து கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் வராது. பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு கட்டுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாத்தனார் வளையல் விவகாரம் மட்டும் ஏழு பக்கம் வந்தது. சின்னவள் வாசித்து முடித்ததும், நாத்தனார் செய்ததில் தப்பே இல்லை என்று எழுதிக் காட்டினாள். அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது.

வியாழக்கிழமை காலை கிளம்பும்போது ஜெராக்ஸம்மா மகளின் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். "போடாதே. வர்றது வரட்டும்."

ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா குள்ளமாக, சிடுசிடுவென்று இருந்தார். பட்டறைக்கூடத்தில் காது கேட்பவர்கள் இடப்பக்கம், கேளாதவர்கள் வலப்பக்கம் நிறுத்தப்பட்டிருந்தார்கள். வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்து, அலுவலக அறிவிப்புகளைச் சைகையில் மொழிபெயர்த்துவிட்டுப் போகிற செவ்வாய் அக்கா, அன்று வியாழக்கிழமையிலும் வரவழைக்கப்பட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அதிகாரியம்மா பதிவேட்டைப் புரட்டினார். சின்னவள் எக்கிப் பார்த்தாள். ஏடு புதிதாக இருந்தது. அவள் பெயருக்கு நேரே பதினொரு கட்டத்திலும் பதினொரு கையெழுத்து. அழகான, சாய்வான, முத்து முத்தான கையெழுத்து. அவளுடையது இல்லை.

வரிசையை விட்டு வந்தாள். யாரும் தடுப்பதற்குள் பேனாவின் மூடியைக் கழற்றி, பதினொன்றையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பாதி வட்டம் போட்டாள். நிதானமாக, கணக்குத் தப்பாமல்.

"என்ன இது?" என்றார் அதிகாரியம்மா.

பிரின்சிபால் அவசரமாக முன்னால் வந்து, "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம்..." என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றினார். உதடு படிக்கத் தேவையே இல்லாத வாக்கியம் அது. சின்னவள் அதே விரல் சுழற்றலை அவருக்கே திருப்பிக் காட்டினாள். இடப்பக்கம் யாரோ சிரித்தார்கள்.

பிறகு அவள் கைகள் பேசின. செவ்வாய் அக்கா பிரின்சிபாலின் முகத்தைப் பார்த்தாள், சம்பளத்தை நினைத்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் குரல் கணீரென்று வந்தது.

"இது என் கையெழுத்து இல்லை. எனக்குப் பாடம் பாதிதான் புரிஞ்சுது. எது புரியலைன்னு எனக்குத் துல்லியமாத் தெரியும். புரிஞ்சுதான்னு கேக்காதீங்க, மேடம். அப்படிக் கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. இதைக் கேளுங்க: மாடிப்படி விளக்குல மேல் சுவிட்சைக் கழட்டிட்டா, கீழ் சுவிட்ச் விளக்கை எரிய வைக்குமா? இவங்களையும் கேளுங்க. அவங்களையும் கேளுங்க."

அவள் விரல் இடப்பக்கத்தைக் காட்டியது.

அதிகாரியம்மாவுக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. "எரியும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

காது கேட்கிற இருபத்திரண்டில் பத்தொன்பது கை எழுந்தது. மற்ற மூன்று பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். "எரியத்தானே செய்யும்? ரெண்டும் தனித்தனி சுவிட்ச்தானே?" என்று அதிகாரியம்மாவே பிரின்சிபாலைக் கேட்டார். பிரின்சிபால் பலமாகத் தலையாட்டினார். காது கேளாத ஆறு பேருக்கும் அந்த ஆட்டம் என்ன ஜாதி ஆட்டம் என்று பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, உனக்கு என்ன தோணுது?" என்றார் அதிகாரியம்மா.

"எரியாதுன்னு தோணுது. ஆனா பாதி நிச்சயம்தான். கழட்டிப் பாக்கணும்."

"பாரு."

சின்னவள் பயிற்சிப் பலகையின் மெயினை அணைத்தாள். டெஸ்டரை வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். மேல் சுவிட்சின் திருகாணிகளைக் கழற்றி, மூன்று வயர்களின் முனைகளுக்கும் டேப் சுற்றி விலக்கி வைத்தாள். மெயினைப் போட்டாள். கூடத்தில் இருபத்தெட்டுப் பேரும் அந்தச் சின்ன பல்பையே பார்த்தார்கள்.

கீழ்ச் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. திருப்பித் தட்டினாள். எரியவில்லை. பத்துத் தடவை தட்டினாள்.

அப்போதுதான் அவள் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன. வலது கையிலிருந்து இடது கைக்கு ஒரே பாதை. சுவிட்ச் என்கிற இரண்டு வீட்டையும் தாண்டித்தான் விளக்குக்குப் போக முடியும். ஒரு வீட்டை இடித்தால் பாதையே இல்லை. கைகள் எங்கும் நிற்கவில்லை. நெட்டையும் கண்ணாடியும் அந்தக் கைகளையே பார்த்தார்கள். மீசை இல்லாமல் நடந்த முதல் பாடம் அது.

"நான் இதை அன்னைக்கே சொன்னேனே!" என்றார் வயரிங் சார். பாவம், பொய்யில்லை. சொல்லித்தான் இருந்தார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, மீசைக்குள்.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்றார் அதிகாரியம்மா. பிறகு வலப்பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில், "இப்ப உங்க எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

கண்ணாடி தலையாட்டினான். அவனைத் திருத்த முடியாது. ஆனால் நெட்டை ஆட்டவில்லை. ஆறடி உயரத்திலிருந்து, எல்லோரும் பார்க்க, இல்லை என்று தலையை இடமும் வலமும் அசைத்தாள். "மறுபடி ஒரு தடவை காட்டச் சொல்லுங்க" என்றாள் கையால். இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல், "எங்களுக்கும்தான், மேடம்" என்றது.

அதிகாரியம்மா கிளம்பும்போது, "இந்தப் பொண்ணு பேரு தேர்வுப் பட்டியல்ல இருக்கில்ல?" என்று கேட்டார்.

"முதல் பேரே அதுதான், மேடம்," என்றார் பிரின்சிபால். அந்தப் பட்டியல் அன்று சாயங்காலம் ஜெராக்ஸம்மா கடைக்குத்தான் பிரதி எடுக்க வந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே, வேறு மையில், அவசரமாக ஒரு பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. ஜெராக்ஸம்மா அதில் தனக்கென்று ஒரு பிரதி கூடுதலாக எடுத்துக்கொண்டாள். ஏழு வீட்டில் அதைக் காட்டினாள்.

வயர்மேன் தேர்வில் சின்னவளின் ஊகம் எண்பத்திரண்டு, வந்தது எழுபத்தொன்பது. அந்த மூன்று எங்கே போனது என்று ஒரு வாரம் நோட்டைக் குடைந்துகொண்டிருந்தாள். இந்தக் கிறுக்கு அவளை விட்டுப் போகவே இல்லை.

அதற்கப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். கண்ணாடி நெட்டையைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அவனைவிட அவள் ஒரு முழம் உயரம் என்பதை எதிர்வீட்டு மாடிக்காரி இன்றுவரை ஜீரணிக்கவில்லை. இரண்டு பேரும் மாமனார் ஊரில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறார்கள். செவ்வாய் அக்கா வேலையை விட்டுவிட்டு யாரோ கப்பல்காரரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். சின்னவளுக்கு ரயிலில் ஒரு பகல் போகிற தூரத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மின்சாரப் பிரிவில் வேலை. இன்னும் கட்டிக்கொள்ளவில்லை. அங்கே பிணவறைக் கணக்கர் ஒருவர் சைகை கற்றுக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு, உறுதியாகத் தெரியவில்லை. ஜெராக்ஸம்மா மெஷினை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள். அந்தக் கடையில் இப்போது பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார்.